கிட்னிக் கல்: கம்பெனியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. பதினோரு வருடத்தில் மூன்று கல் பார்த்தவன், அவ்வளவுதான் தகுதி. முதல் கல் தானாக வந்துவிட்டது, இரண்டாவதை லேசர் வைத்து எடுத்தார்கள், மூன்றாவது வலது கிட்னியில் இன்றைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதனால் அயர்ன் மாஸ்டர் முதல் செக்கிங் அக்காக்கள் வரை யாருக்கு விலாவில் வலித்தாலும் நேராக என் டேபிளுக்கு வந்துவிடுகிறார்கள். டீ டைம் பத்து நிமிஷத்தில் திரும்பத் திரும்ப அதையே சொல்லி முடியவில்லை என்று எழுதி வைத்தேன். என்ன வைத்தியம் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எப்போது ஓடுவது, போனால் என்ன கேட்பது என்பதற்குத்தான் இது.

ஏங்கண்ணா, இது கல்லு வலியா, கேஸ் வலியான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

நானும் முதல் தடவை ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவைத்தான் திட்டினேன். கல் வலி பெரும்பாலும் முதுகில், விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி, முன்னால் அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும். ஆண்களுக்கு விதைப்பை வரைக்கும் இழுக்கும். அலை அலையாக வரும், கொஞ்சம் விடும், மறுபடி பிடிக்கும். கூடவே குமட்டல், வாந்தி. ஒண்ணுக்குப் போனால் டீ டிகாக்ஷன் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ வரலாம். கல் கீழே இறங்கி மூத்திரப்பையை நெருங்கிவிட்டால் அடிக்கடி முட்டிக்கொண்டு வரும், போனால் ரெண்டு சொட்டு.

எனக்குத் தெரிந்த சுலபமான அடையாளம் ஒன்று உண்டு. கல் வலிக்காரனால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. உட்காருவான், எழுவான், சுவரைப் பிடிப்பான், தரையில் புரளுவான். குடல்வால் வலியில் இருப்பவர் அசைந்தாலே வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருப்பார். ஆனால் இதை வைத்து நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். ஐம்பது அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக இப்படி வலி வந்தால் வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் கோளாறாகக்கூட இருக்கலாம். பெண்களுக்கு நாள் தள்ளிப்போயிருந்து ஒரு பக்க அடிவயிறு வலித்தால் கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். ரெண்டுமே உயிர் போகிற விஷயம்.

கல்லு பெருசா இருந்தா வலியும் பெருசா இருக்குங்களா?

அப்படிக் கணக்கே கிடையாது. கிட்னிக்குள் கல் சும்மா கிடக்கும் வரை பலருக்கு ஒன்றுமே தெரியாது. எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒருவருக்கு 18 எம்.எம். கல் இருந்தது, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது. எனக்கு வந்த முதல் கல் 4 எம்.எம்., பச்சைப்பயறு அளவுகூட இருக்காது, வீட்டையே எழுப்பிவிட்டது.

கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய் 25, 30 சென்டிமீட்டர் நீளம், உள்ளே 3, 4 எம்.எம். அகலம்தான். அதிலும் மூன்று இடத்தில் இன்னும் குறுகல். கிட்னியை விட்டு வெளியே வரும் இடம், இடுப்பில் ரத்தக்குழாயைத் தாண்டும் இடம், மூத்திரப்பைக்குள் நுழையும் இடம். கல் அங்கே மாட்டினால் மேலே மூத்திரம் தேங்கி அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம்தான் வலி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நிறைய பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வருது. உடனே ஓடணுமா, விடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கலாமா?

முதல் தடவை என்றால் ஓடுங்கள். என்ன வலி என்றே தெரியாதபோது வீட்டில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. ஏற்கெனவே கல் இருப்பது தெரியும், டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், போட்டதும் அடங்குகிறது என்றால் காலையில் போகலாம்.

ஆனால் வலியோடு குளிரும் காய்ச்சலும் வந்தால் நேரமே பார்க்காதீர்கள். அடைப்புக்கு மேலே தேங்கிய மூத்திரத்தில் சீழ் பிடித்தால் சில மணி நேரத்திலேயே அது ரத்தத்தில் கலந்து ஆளைச் சாய்த்துவிடும். ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தால் போதாது, முதலில் அந்த அடைப்புக்கு ஒரு வழி வைத்து மூத்திரத்தை வடிக்க வேண்டும், அது இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் முற்றும். மூத்திரமே வரவில்லை, குடிக்கிற தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி, ஒரே கிட்னியோடு இருப்பவர், கர்ப்பிணி, மாத்திரை போட்டும் வலி கேட்கவில்லை, இவர்களும் விடியக் காத்திருக்கக் கூடாது. 108க்குப் போன் பண்ணுங்கள். அந்த வலியோடு நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன், ரயில்வே கேட்டில் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டா ஆகாதுங்களா?

செட் மாத்திரை வேண்டாம். கவருக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, நாளைக்கு டாக்டர் கேட்டால் சொல்லவும் தெரியாது.

கல் வலிக்கு டைக்ளோஃபெனாக் வகை மருந்து நன்றாகவே கேட்கும், ஆஸ்பத்திரியிலும் முதலில் பெரும்பாலும் அந்த ஊசிதான். வலியை மரக்கச் செய்வதோடு கிட்னிக்குள் ஏறிய அழுத்தத்தையும் அது குறைக்கிறது. ஆனால் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் அளவு) ஏற்கெனவே ஏறியவர், வயிற்றில் அல்சர் உள்ளவர், இதய நோய்க்காரர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி, இவர்களுக்கெல்லாம் அது ஆபத்தாகலாம். வாந்தி எடுத்து உடம்பில் நீரே இல்லாதபோது போட்டாலும் கிட்னிக்குக் கெடுதல். கையில் ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரி போகும் வழியில் வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாம், வெந்நீர்ப் பையை விலாவில் வைக்கலாம். அது கொஞ்சம் சுகம் கொடுக்கும்.

ஊசி போட்டாங்க, வலி சுத்தமா போயிடுச்சு. கல்லும் போயிருக்கும்தானுங்க?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். இல்லை. ஊசி போக்கியது வலியை. கல் அதே இடத்தில் இருக்கலாம், ரெண்டு இஞ்ச் இறங்கியிருக்கலாம், திரும்பிப் படுத்துக்கொண்டு கொஞ்சம் மூத்திரத்துக்கு வழி விட்டிருக்கலாம். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அடைப்பு நாள்பட்டுப் போனால் கிட்னி மூத்திரம் உண்டாக்குவதையே குறைத்துக்கொள்ளும், அழுத்தம் இறங்கும், வலி தானாக நிற்கும். வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள்.

என் பெரியப்பாவுக்கு இதுதான் நடந்தது. விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரு தடவை வலி வந்தது, ஊசி போட்டார், போய்விட்டது. மறுபடி ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள், தறி ஓடுகிற நாளில் யார் போவது என்று விட்டுவிட்டார். ரெண்டு வருடம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது இடது கிட்னி தண்ணீர் நிரம்பிய பை மாதிரி ஆகியிருந்தது. அந்த ரெண்டு வருடத்தில் ஒரு நாள்கூட வலிக்கவில்லை. கடைசியில் அந்தக் கிட்னியை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கல் 8 எம்.எம்.தான்.

அதனால் வலி போன பிறகும் டாக்டர் சொன்ன நாளில் ஸ்கேன் எடுங்கள். கல்லைக் கண்ணால் பார்த்தால்தான், இல்லை ஸ்கேனில் காணோம் என்று சொன்னால்தான் அது போனதாகக் கணக்கு.

சாதா ஸ்கேனே எடுத்தாச்சு, இப்ப சி.டி. எடுக்கச் சொல்றாங்க. காசு புடுங்கறாங்களோ?

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது, வராமல் இருக்குமா. ஆனால் இதில் விஷயம் இருக்கிறது. சாதா ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட், கிட்னியில் இருக்கும் கல்லையும், நீர் தேங்கியிருப்பதையும், மூத்திரப்பை வாசலில் நிற்கும் கல்லையும் நன்றாகக் காட்டும். குழாயின் நடுப்பகுதியில் மாட்டிய கல்லைக் குடலில் இருக்கும் காற்று மறைத்துவிடும். சி.டி.யில் கல்லின் இடம், அளவு, எவ்வளவு கெட்டி என்பது வரை தெரியும். எக்ஸ்ரேயில் கால்சியம் கல் வெள்ளையாகத் தெரியும், யூரிக் அமிலக் கல் தெரியவே தெரியாது, சி.டி.யில் அதுவும் தெரிந்துவிடும். கல்லுக்கு எடுக்கும் சி.டி.க்கு மருந்து ஊசி பொதுவாகத் தேவையில்லை. கதிர் வீச்சு உண்டு என்பதால் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் முதலில் சாதா ஸ்கேன்தான்.

சாதா ஸ்கேனுக்குப் போகும்போது தண்ணீர் குடித்து மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் அங்கே ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். கூடவே மூத்திரப் பரிசோதனையும், ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்று இருந்தால் நீர் தேங்கி கிட்னி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். வி.யு.ஜே. என்றால் கல் மூத்திரப்பை வாசலுக்கே வந்துவிட்டது, கிட்டத்தட்ட நல்ல செய்தி.

6 எம்.எம்.னு போட்டிருக்கு. தானா வந்துடுங்களா?

4 எம்.எம். வரைக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தானாக வந்துவிடும். 5க்கும் 10க்கும் நடுவில் என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 10க்கு மேல் தானாக வரும் என்று காத்திருப்பது வீண். இடமும் முக்கியம், குழாயின் மேல்பகுதியில் நிற்கும் கல்லைவிடக் கீழே இறங்கிய கல் சுலபமாக வரும்.

காய்ச்சல் இல்லை, கிரியேட்டினின் சரி, வலி மாத்திரைக்கு அடங்குகிறது என்றால் டாக்டரே கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்பார். குழாயைத் தளர்த்த டாம்சுலோசின் கொடுப்பதுண்டு, குழாயின் கீழ்ப்பகுதியில் நிற்கும் 5 எம்.எம்.முக்கு மேற்பட்ட கல்லுக்கு அது உதவும். ராத்திரி போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஆண்களுக்கு விந்து வருவது குறையலாம், மாத்திரையை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். இதை யாரும் சொல்வதில்லை, பையன்கள் பயந்துபோய் ரகசியமாக வந்து கேட்கிறார்கள். பொறுத்துப் பார்ப்பதும் பொதுவாக 4 முதல் 6 வாரம்தான், அதுவும் நடுவில் ஸ்கேன் பார்த்துக்கொண்டு. ஏன் என்பதற்குப் பெரியப்பா கதையைப் பார்க்கவும்.

வலி வர்றப்ப குடம் குடமா தண்ணி குடிச்சா கல்லைத் தள்ளிடாதுங்களா?

தள்ளாது. குழாய் அடைத்திருக்கும்போது மேலே இன்னும் நீரை ஊற்றினால் அழுத்தம்தான் ஏறும், வலியும் வாந்தியும்தான் கூடும். வலி நேரத்தில் தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் போதும், ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவதுகூட வாந்தியில் போன நீரை ஈடுகட்டத்தான். குடம் குடமாகக் குடிக்கும் கதை அடுத்த கல் வராமல் இருக்க, அதற்குப் பிறகு வருகிறேன்.

வாழைத்தண்டு சாறு குடிச்சா கரைஞ்சுடும்னு எங்க ஆத்தா சொல்லுது. நெசமா?

ஆத்தாவோடு சண்டை போடாதீர்கள், வாழைத்தண்டுப் பொரியல் நல்ல சாப்பாடுதான். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது கால்சியம் ஆக்சலேட் கல், அதைக் கரைக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் நிரூபணமாகவில்லை. அப்படியென்றால் எத்தனையோ பேர் குணமானேன் என்கிறார்களே? மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். 4 எம்.எம். கல் பத்தில் எட்டுப் பேருக்குத் தானாக வந்துவிடும், அந்த எட்டுப் பேரும் அந்த வாரம் வாழைத்தண்டு குடித்திருந்தால் பெயர் வாழைத்தண்டுக்குப் போகிறது. நான் முதல் கல்லுக்கு அதைக் குடித்தேன், இரண்டாவதுக்கும் குடித்தேன். முதலாவது வந்தது, இரண்டாவது வரவில்லை. அது 9 எம்.எம்.

கரையும் கல் ஒன்று உண்டு, யூரிக் அமிலக் கல். மூத்திரத்தின் புளிப்பைக் குறைக்க பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்தைச் சில மாதம் கொடுத்தால் அது கரையும். அதற்கு என்ன கல் என்று தெரிய வேண்டும், மூத்திரத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும்.

சிறுபீளை, நெருஞ்சில் எல்லாம் சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்குச் சொல்லப்பட்டவைதான். போவதென்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போங்கள், சாப்பிடும் நாளிலும் ஸ்கேனை விடாதீர்கள். பெயரே இல்லாத பொடியைப் பொட்டலமாக விற்கிறவரிடம் வாங்காதீர்கள், அதில் என்ன உலோகம் கலந்திருக்கிறதோ, கல்லுக்குச் சாப்பிட்டு கிட்னியே போய்விடும்.

பீர் அடிச்சா கல்லு வெளிய வந்துடும்ங்கறாங்களே?

சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும்தான் இந்தக் கேள்வி வருகிறது. பீர் அப்போதைக்கு மூத்திரத்தைக் கூட்டும், பிறகு உடம்பை வறட்டிவிடும், யூரிக் அமிலத்தையும் ஏற்றும். வலி நேரத்தில் என்றால் தண்ணீருக்குச் சொன்ன அதே பதில். டைக்ளோஃபெனாக்கோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம்.

தக்காளி, கீரை, பாலு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றாங்க. அப்ப என்னத்தைத்தான் திங்கறது?

பாலை நிறுத்தாதீர்கள். இதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. கல்லில் கால்சியம் இருக்கிறது, அதனால் கால்சியம் சாப்பிடக் கூடாது என்று நினைக்கிறார்கள். சாப்பாட்டோடு போகும் கால்சியம், கீரை மாதிரி சாப்பாட்டில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிடும். பாலையும் தயிரையும் நிறுத்தினால் ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்துக்குப் போய்க் கிட்னியில் இறங்கும். எலும்புக்குக் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுங்கள்.

தக்காளியில் ஆக்சலேட் ரொம்பக் கொஞ்சம். விதை உள்ளே போய்க் கல்லாகும் என்பது கதை, விதை குடலுக்குப் போகிறது, கிட்னிக்கு அல்ல. பாலக் கீரையில்தான் ஆக்சலேட் மிக அதிகம், தண்டுக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரியிலும் உண்டு. தினம் சாப்பிடுவதைக் குறையுங்கள், கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் ஆக்சலேட்டும் கொஞ்சம் போய்விடும். வைட்டமின் சி 1000 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் சத்துக்கென்று போட்டுக்கொள்கிறவர்களும் நிறுத்துங்கள், அதில் ஒரு பங்கு உடம்பில் ஆக்சலேட்டாக மாறும்.

யாரும் கண்டுகொள்ளாத வில்லன் உப்பு. உப்பு ஏற ஏற மூத்திரத்தில் கால்சியம் ஏறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், மிக்சர் இதிலெல்லாம் இருப்பதையும் சேர்த்து உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடலாம், மூன்று வேளையும் கறி வேண்டாம். எலுமிச்சை ஜூஸ் நல்லது, அதிலிருக்கும் சிட்ரேட் கல் கட்டாமல் தடுக்கும், ஆனால் நாம் அதில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் குடிக்கிறோம். உப்பில்லாமல், சர்க்கரையும் கொஞ்சமாகப் போட்டுக் குடியுங்கள். கிட்னி ஏற்கெனவே பழுதானவர்கள் மட்டும் எலுமிச்சை, இளநீர் எல்லாவற்றையும் டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

போர் தண்ணி குடிக்கறதாலதானே இந்த ஊர்ல எல்லாத்துக்கும் கல்லு?

உப்புத் தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு மெஷின் மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் என்பதுதான் பெரிய விஷயம். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் மூத்திரம் போக வேண்டும். எவ்வளவு குடித்தேன் என்று எண்ணுவதைவிட எவ்வளவு போனேன் என்று பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து அளந்தாலே புரிந்துவிடும். நான் அளந்தேன், முக்கால் லிட்டர்கூட வரவில்லை. சித்திரை வெயிலில் ஸ்டீம் அயர்ன் முன்னால் நிற்கிறவருக்கு மூன்று லிட்டர் குடித்தாலும் பாதி வேர்வையில் போய்விடும். மூத்திரம் வெளிறின நிறத்தில் இருந்தால் சரி, அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. படுக்கும்போதும் ஒரு டம்ளர் குடியுங்கள்.

செக்கிங், ஓவர்லாக்கில் இருக்கும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் மறதி இல்லை. ஒன்றரை ஷிப்ட்டில் பாத்ரூம் போனால் முடிக்கும் பீஸ் எண்ணிக்கை குறையும், போனாலும் அந்தப் பாத்ரூம் அந்த லட்சணத்தில் இருக்கும். அவர்களிடம் தண்ணீர் குடி என்று சொல்வதற்கு முன்னால் பாத்ரூமைக் கழுவ ஆள் போடுங்கள் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லியிருக்கிறேன், பாதி நடந்திருக்கிறது.

வெளியிலிருந்து உடைக்கறது, லேசர், முதுகுல ஓட்டை போடறது, இதுல எதுண்ணா நல்லது?

இடமும் அளவும்தான் தீர்மானிக்கும். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பதற்குக் கத்தியே வேண்டாம், விமானம் செய்யும் டோர்னியர் கம்பெனியின் ஆராய்ச்சியில் பிறந்த முறை, 1980-ல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். நடுத்தரக் கல்லுக்குச் சரி. ரொம்பக் கெட்டியான கல்லுக்குச் சரிப்படாது, கர்ப்பிணிக்குக் கூடாது, உடைந்த துண்டுகள் தானாக வர வேண்டும், சிலருக்கு ரெண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். குழாயில் மாட்டிய கல்லுக்கு மூத்திர வழியாகவே மெல்லிய கருவியை விட்டு லேசரால் பொடிப்பார்கள், எனக்குச் செய்தது இதுதான், உடம்பில் ஒரு கீறல் இல்லை. வளையும் கருவியாக இருந்தால் கிட்னிக்குள்ளேயே போய் உடைப்பார்கள். 20 எம்.எம்.முக்கு மேல் கிட்னிக்குள் கல் இருந்தால் முதுகில் சின்னத் துளை போட்டு எடுப்பதுதான் வழக்கம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், ஒரே தடவையில் பெரும்பாலும் சுத்தமாகிவிடும்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும், ஒரே தடவையில் முடியுமா, ஸ்டென்ட் வைப்பீர்களா.

ஸ்டென்ட் வெச்சாங்க. ஒண்ணுக்குப் போறப்பெல்லாம் முதுகுல சுருக்குங்குது, ரத்தமா வருது. தப்பா வெச்சுட்டாங்களோ?

பெரும்பாலும் இல்லை. அது ரெண்டு முனையும் சுருண்ட மெல்லிய குழாய், மேல் முனை கிட்னியில், கீழ் முனை மூத்திரப்பையில். கீழ் முனை உரசுவதால் அடிக்கடி முட்டும், எரியும், வேலை செய்தால் சிவப்பாகப் போகும். மூத்திரம் போகும்போது கொஞ்சம் மேலே ஏறுவதால்தான் முதுகில் அந்தச் சுருக். தண்ணீர் குடித்தால் நிறம் வெளுக்கும். காய்ச்சல், கட்டி கட்டியாக ரத்தம், மூத்திரம் அடைப்பு என்றால் மட்டும் உடனே போங்கள்.

இதிலும் பெரியப்பா கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. சில வாரத்தில் உடம்பு பழகி வலி குறையும், ஆள் ஸ்டென்ட்டையே மறந்துவிடுவார். மாதக்கணக்கில் உள்ளே விட்டால் அதன் மேலேயே கல் படியும், பிறகு அதை உருவ ஒரு தனி ஆபரேஷன். எடுக்க வேண்டிய தேதியைத் தினக்காலண்டரில் அந்தத் தாளிலேயே எழுதிவைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.

செலவுக்கு என்னண்ணா பண்றது? இ.எஸ்.ஐ. கார்டு செல்லுங்களா?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள், உங்கள் சம்பளத்தில் முக்கால் சதவீதம் அதற்குப் பிடிக்கிறார்கள். பிடிக்கிற காசுக்கு வைத்தியம் கேளுங்கள். முதலில் டிஸ்பென்சரி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். லீவு நாளுக்குச் சர்டிபிகேட் வாங்கி, தகுதி நாட்கள் இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, வருடத்துக்கு 5 லட்சம் வரை. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், பட்டியலில் இருக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான், அதனால் அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள், பில் போட்ட பிறகு அட்டையைக் காட்டி அழுது பயனில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் யூராலஜி (மூத்திர வழிக் கோளாறு) பிரிவு இருக்கிற இடத்தில் மேலே சொன்ன சிகிச்சைகளைச் செய்கிறார்கள். கூட்டம் இருக்கும், நாள் கொடுப்பார்கள், காய்ச்சலோடு போனால் காத்திருக்க வைக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கும் கல்லு, எனக்கும் கல்லு. பையனுக்கும் வருங்களா?

வாய்ப்பு கூடுதல்தான், வந்தே தீரும் என்றில்லை. ஒரே உப்பு, ஒரே குழம்பு என்பதும் ஒரு காரணம். சின்னக் குழந்தைக்கே கல் வந்தால் மட்டும் லேசாக விடாதீர்கள், பிறவியிலேயே வரும் சில கோளாறுகள் இருக்கலாம். உங்களுக்கும் ஒரு தடவையோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஐந்து பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. திரும்பத் திரும்ப வந்தால் 24 மணி நேர மூத்திரத்தைப் பிடித்துக் கொடுக்கும் பரிசோதனை ஒன்று உண்டு, கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வலியே இல்லீங்க. வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்ல 4 எம்.எம்.னு வந்திருக்கு. எடுத்துரலாமா?

என் மூன்றாவது கல் இதுதான். கிட்னிக்குள் சின்னதாக, அடைப்பில்லாமல், கிருமியில்லாமல் இருந்தால் பொதுவாகத் தொடுவதில்லை, வருடத்துக்கு ஒரு ஸ்கேன் பார்ப்பார்கள். போன வருடம் 4, இந்த வருடம் 5 என்று வந்தால் உடனே பதறாதீர்கள். சாதா ஸ்கேன் சின்னக் கல்லைப் பெரிதாகக் காட்டுவதுண்டு, அளப்பவர் கையைப் பொறுத்தும் ஒரு எம்.எம். ஏறி இறங்கும். நீர் தேங்கியிருக்கிறதா என்ற வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

கல்லு வெளிய வந்துடுச்சுண்ணா! கழிச்சுத் தூக்கிப் போட்டுட்டேன், பரவால்லீங்களா?

அடப்பாவி. அதைத்தான் பிடித்திருக்க வேண்டும். கல்லுக்குக் காத்திருக்கும் நாட்களில் மூத்திரத்தை டீ வடிகட்டியிலோ வெள்ளைத் துணியிலோ வடித்துப் போங்கள், வடிகட்டி புதிதாக வாங்குங்கள், வீட்டு வடிகட்டியை எடுத்து நான் வாங்கிய திட்டு எனக்குத்தான் தெரியும். பழுப்பாக, மணல் மாதிரியோ முள் முள்ளாகவோ இருக்கும். கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு பரிசோதனை லேப்பில் கொடுத்தால் என்ன கல் என்று சொல்லிவிடுவார்கள், மேலே சொன்ன சாப்பாட்டு விஷயமெல்லாம் உங்களுக்கு எது பொருந்தும் என்பது அப்போதுதான் தெரியும்.

சரி, போனது போகட்டும். ஆனால் நீ பார்த்தது முழுக் கல்லா, உடைந்த துண்டா என்று உனக்குத் தெரியாது தம்பி. டாக்டர் சொன்ன தேதியில் அந்தக் கடைசி ஸ்கேனுக்குப் போய்விடு, அன்றைக்கு லீவு நான் எழுதிக்கொள்கிறேன்.